தனி வீரனுக்குச் சோறு போட்டவர் யார்? பகைக் கொடுங்கோலர் நடுவே ஒரு விண்வெளிக் கதை

வாசகர் கேள்வி, ஒக்டோபர் 9

விண்வெளி மிகுபுனைவு நாவல்களில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வருகிறது. எங்கோ ஒரு கோளில் இரண்டு கொடுங்கோலர் ஒருவரையொருவர் தின்னப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவன் தனியாக வந்து விழுவான். இருவரும் அவனைத் தத்தம் பக்கம் இழுப்பார்கள், பிறகு இருவரும் அவனைக் கொல்லத் தேடுவார்கள், கடைசி அத்தியாயத்தில் இருவரையும் அவன் ஒழித்துவிடுவான். வன்னியில் வாழ்ந்த எவரிடமும் இந்தக் கதையைக் கொடுத்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார் என்பது என் கருத்து. இரண்டு படைகளுக்கு நடுவே தனி ஆள் என்ன ஆவான் என்று நமக்குத் தெரியும். அப்படியிருக்க, நீங்கள் ஏன் அதே வடிவத்தில் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

ஒக்டோபர் 9, இரவு

சிரிப்பார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கொடுங்கோலர் பகைத்துக்கொண்டிருப்பதில் நமக்குச் சிரிப்பு வருவதில்லை, அது நம்பத்தக்கதுதான். தனி ஆள் நடுவில் அகப்படுவதும் நம்பத்தக்கதே. அவன் வாளை உருவியதும் நூறு பேர் விழும் இடத்தில்தான் நாம் புத்தகத்தை மூடுகிறோம்.

இவ்வகைக் கதைகளின் முன்னோடிகளுள் ஒன்று 1912இல் அமெரிக்க இதழொன்றில் தொடராக வந்த எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கதை. அதில் வீரனுக்குக் கிடைக்கும் வலிமைக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 38 வீதம்தான். பூமியில் வளர்ந்த தசைகளோடு அங்கே போனவன் பாய்ந்தால் வீட்டுக்கூரைக்கு மேலே போவான், குத்தினால் எதிரி எழும்ப மாட்டான். அந்தக் காலத்துக்கு அது நல்ல தந்திரம். ஆனால் வீரன் வெளியூர்க்காரனாக இருந்தால் மட்டுமே அது செல்லும். வெளியிலிருந்து வருபவனே பலசாலி, அந்த மண்ணில் பிறந்தவர்கள் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் என்ற ஏற்பாட்டை நான் எழுத விரும்பவில்லை. என் ஆள் அங்கேயே பிறந்தவன், அதே ஈர்ப்பில் வளர்ந்தவன். அவனால் கூடுதலாக ஓர் அடிகூடப் பாய முடியாது. அவன் ஒரு குளத்தின் துருசுக்காரன், அதாவது மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் விடுகிறவன்.

ஒக்டோபர் 11

எங்கே நடக்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வியாழனின் நிலவுகளை முன்மாதிரியாக வைத்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், கணக்கை மாற்றவில்லை.

மின்விளக்கு இல்லாத ஒரு வயற்கரையில் நின்று, கை நடுங்காமல் ஒரு சாதாரண பைனாகுலரைப் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் சில புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த நான்கு நிலவுகள் அவை. மறுநாள் இரவு பார்த்தால் இடம் மாறியிருக்கும். (இங்கே ஒரு காலத்தில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயற்கரையில் நிற்பது என்பது, வியாழனைப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பக்கூடிய காரியமாக இருக்கவில்லை. அந்த ஆசை எனக்குப் பிந்தித்தான் நிறைவேறியது.)

உள்ளேயுள்ள மூன்று நிலவுகளின் ஓட்டத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. மூன்றாவது நிலவான கனிமீட் ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் இரண்டாவதான யூரோப்பா இரண்டு முறையும், முதலாவதான அயோ நான்கு முறையும் சுற்றிவிடுகின்றன. அயோவுக்கு ஏறத்தாழ 42 மணித்தியாலம், யூரோப்பாவுக்கு 85, கனிமீட்டுக்கு 172. அயோவும் யூரோப்பாவும் மூன்றரை நாளுக்கு ஒரு முறை வியாழனின் ஒரே பக்கத்தில் நேருக்கு நேர் வருகின்றன. அப்போது அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2,50,000 கிலோமீற்றர், அதாவது பூமிக்கும் நம்முடைய சந்திரனுக்கும் இடையிலுள்ள தூரத்திலும் குறைவு. யூரோப்பாவில் நிற்பவனுக்கு எதிரியின் நிலவு, நாம் காணும் முழுநிலவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். பகைவனின் நாடு மூன்றரை நாளுக்கு ஒரு முறை தலைக்கு மேலே வந்து போகிறது என்றால், அந்த நாட்டில் வளரும் குழந்தை எதைப் பார்த்து வளரும் என்று எண்ணிப் பாருங்கள்.

என்னை இந்த நாவலுக்குள் இழுத்தது இதற்கு அடுத்ததுதான். இந்த மூன்று நிலவுகளும் ஒருபோதும் ஒரே வரிசையில் ஒரே பக்கத்தில் சேர்வதில்லை. அயோவும் யூரோப்பாவும் சேரும்போது கனிமீட் எப்போதும் கால்வட்டம் தள்ளி நிற்கும். யூரோப்பாவும் கனிமீட்டும் சேரும்போது அயோ வியாழனுக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கும். இந்த உறவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கணக்கிட்டு விளக்கியவர் லாப்லாஸ்.

கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் நிலவில் ஒரு கொடுங்கோலன், இரண்டாவதில் இன்னொருவன், மூன்றாவதில் நம்முடைய துருசுக்காரன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் அவன் வானத்தில் பக்கத்தில் வந்து நிற்க வானமே விடாது. ஒரு நேரத்தில் ஒருவன்தான் வருவான். எவன் எப்போது வருவான் என்று எண்ணத் தெரிந்தவன் உயிரோடிருப்பான்.

ஒக்டோபர் 12

புறநானூற்றின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை மேற்கோள் காட்டி, ஆளில்லா விமானம் நம்மிடம் அப்போதே இருந்தது, அதை நாவலில் சேருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டில் அது நற்செயல் புரிந்தவர்கள் மேலுலகம் போகும் ஊர்தி. அதற்கு இயந்திரம் பூட்டி, இலக்கத் தகடும் அடிக்க நான் தயாராக இல்லை.

ஆனால் தூங்கெயிலை எடுத்துக்கொள்கிறேன். வானத்தில் தொங்கிய கோட்டையை எறிந்த செம்பியன் என்று சோழரின் முன்னோன் ஒருவனைப் பழைய பாடல்கள் புகழ்கின்றன. பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று பறக்கும் கோட்டைகளைக் கட்டிக்கொண்டு உலகத்தை அலைக்கழித்த முப்புரத்தார் கதையைச் சிவன் கோயிலுக்குப் போகிற குழந்தைகூடக் கேட்டிருக்கும். வானத்தில் கொடுங்கோலன் குடியிருப்பது நமக்குப் புதிதில்லை. நான் அதற்கு அறிவியல் சான்று தேடவில்லை, கதைக்குள் பழகிப்போன ஒரு படியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒக்டோபர் 16

கொடுங்கோலர் இருவரும் எதற்காகப் பகைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். பெரும்பாலான நாவல்களில் இதற்கான விடை ஒரு பெண், ஒரு சிம்மாசனம், அல்லது ஒரு மாயக்கல். இந்த மூன்றும் எனக்குப் பயன்படவில்லை, இயற்கையே வேறொரு விடையைத் தந்துவிட்டது.

அயோவில் எரிமலைகள் ஓயாமல் கக்குகின்றன. அங்கே நீர் இல்லை. யூரோப்பாவின் மேற்பரப்பு முழுவதும் பனிக்கட்டி, அதன் கீழே கடல் இருக்கிறது என்பது அறிவியலாளரின் கருத்து. ஆகவே என் கதையில் அனற்கோனிடம் நெருப்பு உண்டு, குடிக்க நீர் இல்லை. பனிக்கோனிடம் நீர் மலையாகக் குவிந்திருக்கிறது, உருக்க நெருப்பில்லை. இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் இருவருடைய குடிகளுக்கும் எல்லாம் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்துவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை. அனற்கோன் தன் குடிகளிடம் வரி கேட்கும்போது பனிக்கோனைக் காட்டுகிறான். பனிக்கோன் பிள்ளைகளைப் படைக்குக் கேட்கும்போது அனற்கோனைக் காட்டுகிறான். ஒருவன் அரியணைக்கு மற்றவன்தான் கால்.

மூன்றாவது நிலவில் உருகிய நீர் நிற்கும் ஒரு குளம் இருக்கிறது. அது இருவருக்கும் வேண்டும். எனவே ஒருவன் நீர் எடுத்துப் போகிறான், மற்றவன் ஆள் எடுத்துப் போகிறான். ஒரே வீட்டுக்காரன் இருவருக்கும் கொடுக்கிறான், ஒருவனுக்குக் கொடுத்ததற்காக மற்றவனிடம் அடியும் வாங்குகிறான். இதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். படிப்பவர்கள் இந்த மண்ணில் இருப்பவர்கள்.

பழைய வன்னியிலும் இதே நெருக்குவாரம்தான். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போனது. வடக்கே கடற்கரைக் கோட்டைகள், தெற்கே கண்டி அரசு, நடுவே காடும் குளமுமாக வன்னிமைகள், அதாவது வன்னிச் சிற்றரசர்களின் நாடுகள். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கட்டிக்கொண்டும், கட்டாமல் இழுத்தடித்துக்கொண்டும் அவர்கள் காலத்தை ஓட்டினார்கள். அடங்காப்பற்று என்று பேர் வாங்கிய நாடு, அடங்கியதுபோல் காட்டிக்கொள்ளும் கலையையும் தெரிந்துதான் வைத்திருந்தது. விண்வெளிக் கதைகளில் நான் அதிகம் காணாத பாத்திரம் அப்படிப்பட்ட சிற்றரசர்தான். திறை கட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாக முடிவெடுக்க வேண்டியவர்.

ஒக்டோபர் 20

வவுனியாவிலிருந்து எழுதும் ஆசிரியை அக்கா, தனி வீரன் என்றால் கையில் ஆயுதம் வேண்டுமென்று யார் சொன்னது என்று கேட்டு, சங்கப் புலவர் கோவூர்கிழாரை நினைவூட்டியிருக்கிறார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர் குடியினர், ஒருவரோடொருவர் பகைத்துப் பொருதவர்கள். உறையூரை நலங்கிள்ளி வளைத்திருந்தபோது அந்தப் புலவர் நடுவில் போய் நின்று சொன்னது இதுதான்: உன் எதிரி பனம்பூச் சூடிய சேரனுமில்லை, வேம்பு சூடிய பாண்டியனுமில்லை. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் வெல்வதென்பது இயல்பிலேயே இல்லை. ஆவூர் முற்றுகையின்போது உள்ளே அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளியிடம் போய், பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத வறுந்தலை முடிக்கிறார்கள், வீடுகளில் நீரில்லை என்ற கூக்குரல் கேட்கிறது, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இனிதே இருக்கிறாயே, அறத்தை நினைத்தால் கதவைத் திற, மறத்தை நினைத்தால் வெளியே வந்து போரிடு என்கிறார். முற்றுகைக்குள் இருப்பவர்களின் பசியை வேந்தனின் முகத்துக்கு நேரே எடுத்து வைக்கிறார்.

இவற்றையெல்லாம் விட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குப் போகிறார். ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி அவரைக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் பாடித்தான் அந்த உயிரைக் காப்பாற்றுகிறார். பரிசில் பெற்று வாழ்பவர்கள் பிறருக்குத் தீங்கு நினைக்காதவர்கள் என்று ஒரு கொலைகாரனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடந்துபோன ஒரே குற்றத்துக்காகப் பிடிபட்ட மனிதனை அந்தப் பாட்டுக்குள் பார்க்கலாம்.

ஆகவே என் நாவலில் ஒரு அத்தியாயம் மாறுகிறது. துருசுக்காரன் பனிக்கோனின் வாசலில் ஒற்றனென்று பிடிபடும் இடத்தில் முன்பு ஒரு சண்டைக்காட்சி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும். அவர் யாரென்று இன்னும் முடிவாகவில்லை.

ஒக்டோபர் 31

இன்றைய தேதிக்குப் பொருத்தமாக வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை ஏன் கதாநாயகனாக்கவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவனை வேற்றுக்கோளுக்கு அனுப்புவது எனக்கு அவமரியாதையாகப் படுகிறது. ஆனால் அவனுடைய கதையிலிருந்து எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

1803 ஆகஸ்ட் 25இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஏன் அந்த ஆண்டு? கண்டி அரசனுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டிருந்த ஆண்டு அது. ஜூன் மாதத்தில் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை அழிந்திருந்தது. பெரிய கைகள் இரண்டு மோதிக்கொண்டிருந்த வேளையில் சிறிய கை நீண்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்களுக்கு அந்த நடுகல் தெரிந்திருக்கும். கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்பதுதான் அதில் பொறித்த செய்தி.

வென்றவன் பக்கத்துக் கல் அது. அதில் கப்டனின் பெயர் எழுவாய், நம்மவனின் பெயர் செயப்படுபொருள். ஆனால் இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தக் கல்லுக்குப் போகிறவர்கள் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? கப்டனின் பெயர் இன்று நினைவில் இருப்பதே அவன் தோற்கடித்தவனின் தயவில்தான். இதை நாவலில் அப்படியே பயன்படுத்தப் போகிறேன். அனற்கோன் மூன்றாவது நிலவில் ஒரு வெற்றிக்கல் நாட்டுகிறான். ஊர்க் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுவது அந்தக் கல்லில்தான், அவர்கள் முதலில் படித்து முடிக்கும் பெயர் தோற்றவனின் பெயர்.

நவம்பர் 2

இல்லை, வாள் கிடையாது. கடைசி அத்தியாயத்திலும் கிடையாது. இந்தக் கேள்வி இத்துடன் போதும்.

நவம்பர் 8

விண்வெளிக் கதை என்றால் பளபளவென்ற இயந்திரங்கள் வேண்டாமா என்று கேட்டவருக்கு.

என் தலைமுறை தொழில்நுட்பத்தைப் படித்தது தட்டுப்பாட்டில்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது, மின்கலம் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை ஒரு தகரத்துண்டில் கோத்து நிறுத்திவிட்டால் அதுதான் விளக்கு. சுடர் போத்தலின் கழுத்துக்குக் கீழேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. திரியைச் சிறிது உயர்த்தினால் போத்தல் கறுத்துவிடும், கறுத்தால் வெளிச்சம் போய்விடும், ஆகவே படிக்கிற பிள்ளை திரியில் கைவைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எழுத்து தெரிய வேண்டுமானால் புத்தகத்தைப் போத்தலின் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். விடிந்ததும் மூக்கைச் சிந்தினால் கரி வரும். செய்தி கேட்கும் நேரத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி போகும். சுற்றுபவர் களைத்தால் உலகச் செய்தியும் களைத்துவிடும். சண்டை எங்கே நடக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்ல வருகிற இடத்தில் குரல் இழுபட்டுத் தேய்ந்து போக, சுற்றியவனுக்குப் பேச்சு விழும். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே மூன்றாவது நிலவின் விண்கலம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். இரண்டு கொடுங்கோலரும் உதிரிப்பாகம் போகவிடாமல் மறித்திருக்கும் இடத்தில், எதற்கோ செய்த பாகம் வேறெதிலோ பூட்டப்பட்டிருக்கும். ஓட்டத் தெரிந்தவனைவிடப் பழுது பார்க்கத் தெரிந்தவளுக்கு மதிப்பு அதிகம். ஒக்டோபர் 20 குறிப்பில் விட்ட இடத்தையும் இங்கே நிரப்பிக்கொள்கிறேன். துருசுக்காரனுக்காகப் பனிக்கோனின் வாசலில் பேசுகிறவர் ஒரு கலம் திருத்துகிற பெண். அவள் இல்லாமல் பனிக்கோனின் படகுகளும் ஓடா, அதனால் அவள் சொல்லை அவன் கேட்டே தீர வேண்டும். புலவருக்கு அன்று இருந்த இடம் இன்று மெக்கானிக்குக்கு.

நவம்பர் 9

மேலே சொன்னதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. தட்டுப்பாட்டை அழகாக்கிக் காட்டுவதாக ஒருவர் குறைப்படுகிறார். அந்த எச்சரிக்கை நியாயமானது. மருந்து இல்லாமல் போனவர்களின் கணக்கை ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் மறைக்க முடியாது. திருத்துகிறவளின் பின்கதையில் அது வரும். அவள் எந்த இயந்திரத்தைத் திருத்தக் கற்றாள் என்பதும், அதற்குள் யார் இறந்துபோனார்கள் என்பதும்.

நவம்பர் 17

இந்த இழையின் முதற்கேள்விக்கு என் விடை ஒரு வகையில் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

வற்றாப்பளை அம்மன் கதையை இங்கே எல்லோரும் அறிவார்கள். மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடலோரம் ஒரு கிழவியாக வந்து சேர்கிறாள். மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றச் சொல்கிறாள், அது எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள், பார்த்தால் தலையெல்லாம் கண். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில் விளக்கேற்றுகிறார்கள்.

தனியாக நின்று ஒரு வேந்தனை நீதியில் வீழ்த்தி ஒரு நகரத்தையே கொளுத்தியவள் அவள். நாம் பேசிக்கொண்டிருக்கும் தனி வீரருக்கெல்லாம் மூத்தவள். மற்ற ஊரார் அவளுடைய கோபத்தோடு கதையை முடிக்கட்டும். இந்த ஊர், அவள் அதன்பிறகு எங்கே சாப்பிட்டாள் என்று கேட்டு, அந்தச் சிறுவர்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. விண்வெளி நாவல்கள் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். தலைக்கு விலை வைக்கப்பட்ட வீரன் பாலைவனத்தைக் கடந்து ஒரு குடிசையில் ஒதுங்குவான், கிழவி ஒருத்தி கஞ்சி கொடுப்பாள், மறுநாள் அவன் போய்விடுவான். பின்னால் வருகிற படை அந்தக் குடிசையை என்ன செய்தது? நாவலாசிரியர் வீரனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடிவிடுகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை.

பாரியின் கதையையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். மூவேந்தரும் பறம்பை வளைத்தபோது கபிலர் அவர்களிடம் பட்டியல் போட்டது படைக்கலங்களையல்ல. உழவர் உழாமலே அங்கே நான்கு விளையும் என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சோற்றுக்கு வழி இருக்கும்வரை இந்தக் குன்று விழாது என்பது அதன் பொருள்.

ஆகவே என் நாவலின் அத்தியாயங்களை மாற்றி அடுக்கியிருக்கிறேன். ஒன்று விட்டு ஒன்று துருசுக்காரன் போன வழியில் நடக்கும். இடையிலுள்ளவை அவன் போன பிறகு அந்த வீடுகளில் நடக்கும். அவனுக்கு ஒரு வேளை கஞ்சி கொடுத்த வீட்டை அனற்கோனின் ஆட்கள் விசாரிக்கிறார்கள், அடுத்த சுற்றில் பனிக்கோனின் ஆட்கள் அதே வீட்டை அதே கேள்வியோடு விசாரிக்கிறார்கள். கஞ்சி கொடுத்தவள் இரண்டு முறையும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும், ஒரு சொல் பிசகக் கூடாது. எனக்கு இதுவரை எழுதியவற்றில் மிகவும் கடினமாக இருந்த அத்தியாயம் அதுதான். வீரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த அத்தியாயத்தில் சொல்வேன்.

நவம்பர் 22

கொடுங்கோலரை வாசகருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்பது வேறொரு தொல்லை. பக்கம் பக்கமாக அவர்களின் கொடுமையை நானே வருணித்தால், முதல் பக்கத்திலேயே வாசகர் தீர்ப்பு எழுதிவிடுவார்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வழி தெரியும். கட்டியகாரன் முதலில் வந்து அரசன் வருகிறான், வருகிறான் என்று கட்டியம் கூறுவான். பிறகு அரசன் தன் வரவுப் பாட்டைத் தானே பாடிக்கொண்டு, ஆடிக்கொண்டு களரிக்கு வருவான். தன் நாடு, தன் கொடை, தன் நீதி எல்லாவற்றையும் தானே சொல்லுவான். விடியப்போகும் நேரத்தில் அவன் எந்த நீதியைக் கொடுக்கப் போகிறான் என்று சுற்றியிருக்கும் சனம் முழுவதற்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பாட்டை அவன் எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறானோ அவ்வளவுக்கு நமக்கு வயிறு கலங்கும்.

என் இரண்டு கோன்களுக்கும் வரவு எழுதிவிட்டேன். அனற்கோன் தன்னை நெருப்புக் காவலன் என்று உண்மையாகவே நம்புகிறான். பனிக்கோனின் வரவு குறுகியது, அவனுக்குத் தன்னைப் பற்றிப் பாடவே விருப்பமில்லை, கட்டியகாரன்தான் இழுத்து இழுத்துப் பாட வைக்கிறான். இரண்டாமவனே அதிகம் பயமுறுத்துகிறான் என்று வாசித்துப் பார்த்த நண்பர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

டிசம்பர் 3

முடிவைப் பற்றி நீண்ட சண்டை நடக்கிறது. பெரும்பாலானோர் விரும்புவது வழக்கமான முடிவு: துருசுக்காரன் ஒருவனை மற்றவன்மேல் ஏவிவிட்டு, இருவரையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அது ஏன் நடக்காது என்று சொல்கிறேன்.

ஒருவன் மட்டும் விழுந்தால் மற்றவனிடம் நெருப்பும் நீரும் சேர்ந்துவிடும். அதன்பிறகு அவனுக்கு மூன்றாவது நிலவின் குளமும் வேண்டாம், அதன் சனமும் வேண்டாம். வேண்டாத சனத்தைக் கொடுங்கோலன் என்ன செய்வான் என்பதை நான் விளக்கப் போவதில்லை. இருவரும் ஒரே நாளில் விழுந்தாலும் அவர்களின் வரிவாங்கிகள் விழமாட்டார்கள், அடுத்த நாள் அவர்களில் ஒருவன் முடி சூட்டிக்கொள்வான். எனவே துருசுக்காரன் வெல்ல வேண்டியது கோன்களை இல்லை. இருவரும் கேட்பது துருசின் திறப்பை, அதாவது சாவியை. அது அவன் ஒருவன் கையில் இருக்கும்வரை அவன் ஒருவனைப் பிடித்தால் போதும் என்று அவர்கள் எண்ணுவார்கள். ஆகவே அவன் அதைத் தன் கையிலிருந்து இறக்கி வைக்கிறான்.

இங்கே எனக்கு உதவியது நம்முடைய சிறுபோகக் கூட்டம், கோடை விதைப்புக்கு முன் கூடுவது. இரணைமடு போன்ற குளத்துக்குக் கீழே கமம் செய்கிறவர்களுக்கு அது புதிதல்ல. மாரி முடிந்ததும் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் விடுவது என்று அதிகாரிகளும் கமக்காரர்களும் கூடி முடிவெடுப்பார்கள். என் கடைசி அத்தியாயம் அப்படி ஒரு கூட்டம். இருவரின் தூதர்களும் வந்து காத்திருக்கிறார்கள். குளத்தின் கணக்கு எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசிக்கப்படுகிறது. திறப்பு யாரிடம் என்று கேட்டால், கூட்டத்திடம் என்கிறார்கள். கூட்டத்தை எங்கே கட்டி இழுத்துப்போவது என்று தூதர்களுக்குத் தெரியவில்லை.

இது நாவலா, கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையா என்று கேலி செய்திருக்கிறார் முதற்கேள்வி கேட்டவர். வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் எவரும் இப்படிக் கேட்கமாட்டார். அவர் ஒரு முறை சிறுபோகக் கூட்டமொன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், விண்வெளிப் போருக்கான வசனம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும்.

அவர் கேட்டதில் ஒன்று மட்டும் என்னைத் தைக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு துருசுக்காரன் என்ன ஆகிறான்? திறப்பு இல்லாத துருசுக்காரனை இரண்டு கோன்களும் இனித் தேடமாட்டார்கள் என்று வாசகரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. கொடுங்கோலர் பயனுக்காக மட்டும் கொல்வதில்லை. அவனை உயிரோடு விடுவதற்கும், கொல்வதற்கும் இரண்டு வடிவங்கள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

டிசம்பர் 6

கொல்ல வேண்டாமென்று ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கொல்லுங்கள் என்று ஒருவர் மட்டும், அதுவும் காரணத்தோடு எழுதியிருக்கிறார். அவருக்கு விரிவாகப் பதில் எழுதுவேன், நாற்று வேலை ஓய்ந்த பின்.

இதற்கிடையில் ஓர் உதவி வேண்டும். இரும்புக் கதவு வருவதற்கு முன், பழைய குளங்களில் மரப்பலகை போட்டுத் துருசை அடைத்த முறையைக் கண்ணால் கண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நீரின் அழுத்தத்தில் பலகையை எப்படி எழுப்பினார்கள், ஒருவரால் முடிந்ததா, எத்தனை பேர் வேண்டியிருந்தது என்பதெல்லாம் எனக்குத் தேவை. ஒருவரால் முடியாது என்றால் நான்காம் அத்தியாயத்தை இன்னொரு முறை எழுத வேண்டியிருக்கும்.